திரைக்குப் பின்னால் மராத்தி
தோல்பாவைக்கூத்தின் மரபுகளும் தரமும்

இராமனும் இலக்குவனும் திரையில் தமிழ் பேசிக்கொண்டிருப்பார்கள். அதே நேரம் திரைக்குப் பின்னால், “அடுத்த பாவையை எடு”, “விளக்கைக் கொஞ்சம் தள்ளி வை” என்று கூத்துக்காரர் மனைவியிடமோ மகனிடமோ சொல்வது மராத்தியாக இருக்கும். தமிழ்நாட்டில் தோல்பாவைக்கூத்து நடத்தும் குடும்பங்களின் வீட்டுமொழி அது. கதை தமிழ், பாட்டு தமிழ், கோமாளியின் நையாண்டி அந்தந்த வட்டாரத்துப் பேச்சுத் தமிழ். கலைஞரின் பெயருக்குப் பின்னால் மட்டும் ‘ராவ்’ என்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

மண்டிகர், கணிகர் என்று அறியப்படும் சிறிய சமூகம் இது. நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரைப் பக்கங்களில் இவர்களின் குடும்பங்கள் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெங்கோஜி தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவினார். அதையொட்டி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள் என்பது பரவலான கருத்து. அப்படியானால் கலையே அப்போதுதான் வந்ததா என்று கேட்டால் ஆய்வாளர்கள் ஒரே குரலில் பதில் சொல்வதில்லை. பாவையாட்டம் தமிழருக்குப் புதிதல்ல. 1020ஆம் குறளிலேயே கயிற்றில் ஆடும் மரப்பாவை இருக்கிறது. ஆட்டம் முன்பே இங்கே இருந்தது, பிற்காலத்தில் அதைத் தொழிலாக ஏற்றுக் காப்பாற்றிய கைகள் வடக்கிலிருந்து வந்தன என்று கொள்வது இரு தரப்புக்கும் நியாயம் செய்யும். நாடகவியலாளர் மு. இராமசாமி இந்தக் கூத்தை முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்தார். நாகர்கோவில் அ.கா. பெருமாள் கலைஞர்களின் வீடு தேடிப் போய்க் கதைகளையும் குடும்ப வரலாறுகளையும் பதிவு செய்தார். இவர்கள் இல்லாவிட்டால் இந்தச் சமூகத்தைப் பற்றி இன்று தமிழில் வாசிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி இருந்திருக்காது.

இந்த மொழிச் சிறுபான்மை நிலை தமிழ்நாட்டோடு முடியவில்லை. ஆந்திரத்தில் ‘தோலு பொம்மலாட்டா’ ஆடும் குடும்பங்களும் வீட்டில் மராத்தி பேசுபவை, திரையில் தெலுங்கு பேசுபவை. கர்நாடகத்தில் ‘தொகலு கொம்பெயாட்டா’ ஆடும் கில்லேக்யாதர்களும் வீட்டில் மராத்திக் கிளைமொழிதான் பேசுகிறார்கள். மகாராஷ்டிரத்திலாவது பெரும்பான்மையினர் ஆடுகிறார்களா என்றால், அங்கே இந்தக் கலை பழங்குடிப் பட்டியலில் உள்ள தாக்கர் சமூகத்தின் கையில் இருக்கிறது. கேரளக் கதை இன்னும் விசித்திரம். மலையாளம் பேசும் பாலக்காட்டில், பத்ரகாளி கோயில்களில், பாவைகள் கம்பராமாயணத் தமிழ்ப் பாடல்களைப் பாடுகின்றன. ஆக, தென்னாட்டுத் தோல்பாவையின் வரலாறு பெரும்பாலும் தன் வீட்டுமொழி ஒன்றாகவும் ஆட்டமொழி வேறொன்றாகவும் இருந்தவர்களின் வரலாறு.

சென்னைப் புறநகர் நாவலூர்க்காரர்களுக்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்ற வேண்டியதில்லை. இங்குள்ள அடுக்கு மாடிகளில் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் ஒடியாவும் மராத்தியும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகின்றன. இந்தக் கலை வாழும் மாநிலங்கள் அத்தனையிலிருந்தும் ஆட்கள் ராஜீவ் காந்தி சாலையில் வேலை பார்க்கிறார்கள். நாவலூருக்குத் தென்கிழக்கே, பக்கிங்காம் கால்வாயையும் உப்பங்கழியையும் தாண்டினால், முட்டுக்காடு. பறவைக்குக் கூப்பிடு தூரம். மனிதர்கள் மட்டும் கேளம்பாக்கம், கோவளம் என்று சுற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், 1996 டிசம்பரில் அதைத் திறந்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என நான்கு மாநிலத்துப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து எழுப்பியிருக்கிறார்கள். தென்னாட்டுத் தோல்பாவை வாழும் நான்கு மாநிலங்களும் இவையே. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வரும் நாள்களில் அங்கே பாவையாட்டம் காட்டப்படுவதுண்டு. சென்னையில் வளரும் ஒரு பிள்ளை உயிருள்ள தோல்பாவையைப் பார்க்க வாய்க்கும் சில இடங்களில் அது ஒன்று. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் பாவைகள் இருக்கின்றன, ஆனால் அவை ஆடுவதில்லை.

பாவை எப்படி உருவாகிறது என்று பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

தேவை வெள்ளாட்டுத் தோல். செருப்புக்கும் பைக்கும் ஆகும்படி பதனிட்ட தோல் இதற்கு உதவாது, அது வெளிச்சத்தை விடாது. பச்சைத்தோலை நீரில் ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, உள்பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வையும் கொழுப்பையும் வழித்தெடுத்து, நாலாபுறமும் இழுத்துக் கட்டிக் காயவைக்கிறார்கள். இழுப்பு ஒரு பக்கம் கூடினாலும் காய்ந்தபின் தோல் அந்தப் பக்கம் சுருளும். சரியாகக் காய்ந்த தோல் கெட்டியாக, தேன் நிறத்தில், வெயிலுக்கு எதிரே பிடித்தால் மறுபக்கத்து விரல் நிழலாகத் தெரியும்படி இருக்கும். அதன்மேல் உருவத்தைக் கீறி, கறுப்பில் கோடிழுத்து, மரக்கட்டையின் மேல் வைத்து உளியால் துளை போடுகிறார்கள். வட்டத்துக்கு ஒரு வாய், பிறைக்கு ஒரு வாய், நெல்மணி வடிவத்துக்கு ஒரு வாய் என்று உளி மாறும். கிரீடம், மார்புப் பதக்கம், இடைக்கச்சை எல்லாம் இந்தத் துளைகள்தான். வண்ணத்தில் வரைந்த நகை திரையில் மங்கும், துளையில் வெட்டிய நகை மின்னும்.

வண்ணத்தைத் தோலின் இரு பக்கமும் ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் வெளிச்சத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். முன்பு செடி, மண், கரியிலிருந்து எடுத்த நிறங்கள். இப்போது கடையில் கிடைக்கும் சாய மைகள். தனித்தனியாக வெட்டிய கை கால்களை நூல் முடிச்சால் உடலோடு பிணைத்து, பிளந்த மூங்கில் சிம்பை நெடுக்காகக் கவ்வக் கொடுத்துக் கட்டினால் பாவை தயார். ஒரு பாத்திரத்துக்கு ஒரு பாவை போதாது. அரண்மனை இராமன் வேறு, மரவுரி இராமன் வேறு, பட்டாபிஷேக இராமன் வேறு. அனுமன் கடல் தாண்டும்போது ஓர் உருவம், சீதை முன் நிற்கும்போது வேறோர் உருவம். முழு இராமாயணத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பாவைகள் பெட்டியில் இருக்க வேண்டும்.

முன்னாளில் தெய்வப் பாவைகளுக்கு மான் தோலைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தது. 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இப்போது தேவரும் அசுரரும் ஒரே ஆட்டுத்தோல்.

தமிழ்நாட்டு மரபில் பாவைகள் அளவில் நடுத்தரம், நிறத்தில் பளிச்சென்றிருக்கும். இதன் தனித்தன்மை பாவையைவிட ஆட்டக்காரரிடம்தான் இருக்கிறது. எல்லாப் பாவைகளையும் ஒருவரே ஆட்டுவார், எல்லாக் குரல்களையும் அவரே பேசுவார். தசரதனின் தழுதழுப்பும் கைகேயியின் கூர்மையும் ஒரே தொண்டையிலிருந்து அடுத்தடுத்த நொடிகளில் வரவேண்டும். ஆர்மோனியமும் மிருதங்கமும் ஜால்ராவும் குடும்பத்தார் கையில். மனைவி பின்பாட்டுப் பாடுவார், சில குழுக்களில் பெண் குரலும் கொடுப்பார். காலடியில் ஒரு பலகை கிடக்கும். போர் வந்தால் குதிகாலால் அதை உதைப்பார் ஆட்டக்காரர். இரு கையிலும் வீரர்கள், வாயில் வசனம், காலில் இடி. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் திரையில் ஒரு படையே தெரியும்.

கதை பத்து நாள் ஓடும். இராமன் பிறப்பில் தொடங்கிப் பட்டாபிஷேகத்தில் முடியும். கம்பனை அப்படியே பின்பற்றுவதில்லை. வால்மீகியிலும் கம்பனிலும் இல்லாத மயில்ராவணன் கதை ஓரிரவை எடுத்துக்கொள்ளும். மக்கள் அதிகம் கூடும் இரவுகளில் அதுவும் ஒன்று. நல்லதங்காள், அரிச்சந்திரன் கதைகளும் ஆடப்படும். பட்டாபிஷேகம் ஆடினால் மழை வரும் என்ற நம்பிக்கையில் வறண்ட கோடையில் கூத்துக்காரர்களை வரவழைத்த ஊர்கள் உண்டு.

நடுவே நுழைவார்கள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும். இராமாயணத்தில் இவர்களுக்கு வேலையே இல்லை. தலையில் ஒற்றைக் குடுமியோடு வரும் உச்சிக்குடும்பன் ஊர்ப் பெரிய மனிதரை வம்புக்கிழுப்பான், ரேஷன் கடையைப் பேசுவான், கொச்சையாகவும் பேசுவான். ஆந்திரத்தில் இதே வேலையைப் பங்காரக்காவும் ஜுட்டு போலிகாடும் செய்கிறார்கள். கர்நாடகத்தில் கோமாளியின் பெயர் கில்லேக்யாத. அந்தப் பெயராலேயே சமூகமும் அழைக்கப்படுகிறது. கலைஞர்களுக்கு ஊர் கொடுத்த இடம் எது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்துக்கு வந்தால் வேறொரு உலகம். ஊர் ஊராகக் கொட்டகை போடும் வேலை இல்லை. பத்ரகாளி கோயில் வளாகத்தில் நிலையான கூத்துமாடம் இருக்கிறது. தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் காளிக்கு இராம–இராவணப் போரைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையாம். அதற்காக ஆண்டுதோறும் அவளுக்கு ஆடிக் காட்டுகிறார்கள். ஏழு இரவு, பதினான்கு, இருபத்தொன்று என்று கோயிலுக்குக் கோயில் கணக்கு மாறும். நீளமான திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் இருபத்தொரு விளக்குகள் வரிசையாக எரியும். பாவைகள் ஒளி விடாதவை. திரையில் விழுவது கறுப்பு நிழல், அதன் நடுவே துளைகளின் ஒளிப்புள்ளிகள். பெரும்பாலும் ஒரு கை மட்டும் அசையும். அசைவுக்கு இங்கே மதிப்பு குறைவு, சொல்லுக்குத்தான் மதிப்பு. ஒரு கம்பன் பாடல், அதற்கு நீண்ட விரிவுரை, எதிர்க்கேள்வி, அதற்கு மறுமொழி. பாவைகள் அசையாமல் நிற்க, திரைக்குப் பின்னால் பட்டிமன்றமே நடக்கும். ஆடுபவருக்குப் பட்டம் புலவர். நள்ளிரவுக்குமேல் திரைக்கு முன் ஒருவரும் இல்லாமல் போவது சாதாரணம். ஆட்டம் நிற்காது, காளி பார்த்துக்கொண்டிருக்கிறாள் அல்லவா! கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இந்தக் கலையைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தவர். அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த இந்த மரபில் அண்மைக்காலத்தில் அதே குடும்பத்திலிருந்து பெண்கள் குழுவும் புறப்பட்டிருக்கிறது.

ஆந்திர மரபு அளவில் பிரம்மாண்டம். பாவைகள் ஐந்தடி, ஆறடி உயரம் போகும். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று மூட்டுகள் பல. ஒரு பாவைக்கு ஒரு தோல் போதாது. ஆட்டுபவர்கள் சலங்கை கட்டி நின்று, பாவையோடு தாங்களும் குதித்து ஆடுவார்கள். மூலக்கதை இரங்கநாத ராமாயணம் என்ற தெலுங்குக் காவியம். ஸ்ரீ சத்ய சாய் மாவட்டத்து நிம்மலகுண்டா கிராமம் இதன் முக்கிய மையம். அவ்வூர் தளவாய் சலபதி ராவ் 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே மாவட்டத்தில்தான் லேபாக்ஷி கோயிலும் இருக்கிறது. அங்குள்ள விஜயநகரக் கால விதான ஓவியங்களில் பக்கவாட்டு முகமும் பெரிய கண்ணும் கூர்மூக்கும் கொண்ட உருவங்களைப் பார்த்தவர், பாவைக்காரர் வீட்டுச் சுவருக்கும் இதற்கும் ஒட்டுறவு உண்டு என்று சொல்லாமல் இருக்கமாட்டார்.

கர்நாடகத்தில் சிறிய பாவை, பெரிய பாவை என்று இரு வகையும் ஆடப்படுகின்றன. ஒரே தோலில் முழுக்காட்சியை வெட்டியெடுப்பது அவர்கள் கைவரிசை. தேர், குதிரை, சாரதி, வில்லாளி எல்லாம் ஒரே துண்டில் நிற்பார்கள். மூட்டே இல்லாத அந்தப் பாவையை அசைத்துக் காட்டிப் போரை நடத்திவிடுவார்கள். பெங்களூர் சித்திரகலா பரிஷத்தை உருவாக்கிய எம்.எஸ். நஞ்சுண்ட ராவ் கிராமம் கிராமமாகப் போய்ப் பாவைகளைச் சேகரித்தார். கொப்பள மாவட்டத்து பீமவ்வா, தொண்ணூறு வயதைக் கடந்தபின் 2025இல் பத்மஸ்ரீ பெற்றார்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒடிசாவின் இராவணசாயா அளவில் மிகச்சிறியது. மூட்டில்லை, நிறமில்லை. கதினந்த தாஸ் என்ற கலைஞர் வழியாக வெளியுலகம் அறிந்த மரபு அது. மகாராஷ்டிரத்தில் சிந்துதுர்க் மாவட்டத்துப் பிங்குலி கிராமத்தில் தாக்கர் சமூகத்தார் தோல்பாவையோடு, ஓவியத் தாள்களைக் காட்டிக் கதை சொல்லும் சித்ரகதியையும் நடத்துகிறார்கள். அவ்வூர்ப் பரசுராம் கங்காவணே தம் மாட்டுத் தொழுவத்தையே அருங்காட்சியகமாக மாற்றியவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர்.

இத்தனை மரபுகளுக்கும் பொதுவான தரம் என்று ஒன்று உண்டா?

நிழலுக்கு உண்டு. பாவையைத் திரையோடு அழுத்தினால் உரு கூர்மையாகும், சற்றே விலக்கினால் மங்கும், சட்டென்று பின்வாங்கினால் மறையும். மாயமான் ஓட்டத்தை ஒருவர் எப்படிக் காட்டுகிறார் என்பதை வைத்தே அவர் கையை எடைபோடலாம். மூங்கில் சிம்பைப் பிடித்துத் தூக்கும்போது பாவை ஒரு பக்கம் சாயக் கூடாது. சாய்ந்தால் வெட்டியவருக்கு நிறுவை தெரியவில்லை என்று பொருள். எண்ணெய் விளக்கில் நிழல் லேசாகத் துடிக்கும். பெட்ரோமாக்ஸிலும் குண்டு பல்பிலும் அந்தத் துடிப்பு போய்விட்டது, நிறம் கூடிவந்தது. குழல்விளக்கைப் பின்னால் மாட்டினால் இரண்டும் போய்விடும். மேடைக்காரர்கள் இதை ஏனோ யோசிப்பதே இல்லை.

மற்றபடி ஒவ்வொரு மரபுக்கும் அளவுகோல் வேறு. பாலக்காட்டில் ஒரு புலவரைப் பாவை ஆட்டும் திறமையால் மட்டும் எடைபோட முடியாது. பாட்டுக்குப் பொருள் சொல்லத் திணறினால் அவர் கதை முடிந்தது. நிம்மலகுண்டாவில் தாளத்தோடு பாவையின் இடுப்பு ஒடிய வேண்டும். தமிழ்நாட்டில் குரல்தான் முதல் தேர்வு. அடுத்தது உச்சிக்குடும்பன். நேற்று அடுத்த ஊரில் சொன்ன நகைச்சுவையையே இன்றும் சொல்பவரைக் கூட்டம் மன்னிக்காது. இந்த அளவுகோல்களை எவரும் எழுதிவைக்கவில்லை. பத்து இரவும் தொடர்ந்து உட்கார்ந்து பார்த்த கூட்டமும், பக்கத்து ஊரில் ஆடும் பங்காளிக் குழுவும்தான் நடுவர்கள்.

அந்த நடுவர்கள்தான் முதலில் போனார்கள். மாட்டுவண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்து, ஊர்ப் பொட்டலில் கொட்டகை போட்டு, நெல்லும் பணமும் வாங்கிக்கொண்டு நகர்ந்த குழுக்களுக்கு டூரிங் டாக்கீஸ் முதல் அடி. 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமாயணத் தொடர் தொடங்கியது. ஞாயிறு காலைகளில் ஊரே ஒரே பெட்டியின் முன் உட்கார்ந்தது. வண்ண இராமன் வீட்டுக்கே வந்தபின் காசு கொடுத்து நிழல் இராமனைப் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்? குழுவிலிருந்த பிள்ளைகள் சிறுவியாபாரத்துக்கும் கூலி வேலைக்கும் போனார்கள். இன்று தமிழ்நாட்டில் முழுநேரமாக ஆடும் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அரசும் அமைப்புகளும் சும்மா இருந்துவிடவில்லை. குடும்பக் கட்டுப்பாடு, எய்ட்ஸ் விழிப்புணர்வு, மழைநீர் சேகரிப்பு என்று ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு செய்தியைத் திரையில் ஏற்றச் சொல்லிக் கூலி கொடுத்தார்கள். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் வந்தது. சென்னை சங்கமம் மேடை கொடுத்தது. ஆந்திரத் தோல்பாவைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவற்றில் எதையும் குறை சொல்வது எளிது. அந்தக் கூலி இல்லாமல் சில குடும்பங்கள் பெட்டியை என்றோ மூடியிருக்கும்.

ஆனாலும் இந்த உதவிகளில் பெரும்பாலானவை பாவையைத்தான் காப்பாற்றுகின்றன, கூத்தைக் காப்பாற்றவில்லை. நிம்மலகுண்டாவின் வருமானத்தில் பெரும்பங்கு இன்று தோலில் செய்த விளக்குக் கூடுகளிலிருந்தும் சுவர்ப் படங்களிலிருந்தும் வருகிறது. உளியும் வண்ணமும் பிழைத்துக்கொண்டன, அது பெரிய விஷயம். ஆனால் விளக்குக் கூட்டுக்குக் குரல் தேவையில்லை, கதை தேவையில்லை, மூட்டுகூடத் தேவையில்லை. அரை மணி நேரப் பள்ளி நிகழ்ச்சியில் எதை ஆடுவார்கள்? அனுமன் வாலில் தீ, ஒரு சண்டை, கொஞ்சம் உச்சிக்குடும்பன், அவனும் குளித்துத் தலைசீவி நாகரிகமாக. இருபது ஆண்டுகளாக அரை மணி நேரம் மட்டுமே ஆடிய ஒருவருக்கு மயில்ராவணன் இரவு எப்படி நினைவில் இருக்கும்?

நீலகிரித் தோடர்களின் பூத்தையலோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் நூலால், மாதிரி வரையாமல், இழைகளை எண்ணியே தைப்பார்கள். தோடர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆனாலும் அந்தத் தையலின் தரம் குலையாததற்கு முதற்காரணம், குறியீடோ கைவினைக் கண்காட்சியோ அல்ல. அந்தப் போர்வையை அவர்களே விழாவுக்கு அணிகிறார்கள், இறந்தவரையும் அதில்தான் போர்த்துகிறார்கள். தப்பான தையலைச் சொந்தக்காரப் பாட்டியே கண்டுபிடித்துவிடுவார். கூத்துக்காரரின் நிலை அதுவன்று. அவர் தம் சமூகத்துக்காக ஆடுவதில்லை. பிறர் ஊரில், பிறர் மொழியில், பிறருக்காக ஆடுகிறார். தரம் காக்கும் பொறுப்பில் பாதி பார்ப்பவரிடம் இருக்கிறது.

இந்தோனேசியாவில் இதை முன்பே புரிந்துகொண்டார்கள். ஜாவாவின் வாயாங் கூளித் நம்முடையதைப் போலவே தோலில் வெட்டிய பாவை, ஒரே ஆள் எல்லாக் குரலும் பேசும் ஆட்டம், இராமாயண மகாபாரதக் கதைகள். தலாங் எனப்படும் ஆட்டக்காரர் இரவு முழுதும் ஆடுவார். அந்தக் கலைக்குச் சுரகர்த்தாவின் அரசுக் கலைக் கல்லூரியில் தனித் துறையே இருக்கிறது. 2003இல் யுனெஸ்கோ அதை மானுடப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. கம்போடியாவின் ஸ்பெக் தோம், துருக்கியின் காரகோஸ், சீன நிழற்பாவை ஆகியவையும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. ஆறு மாநிலங்களில் ஆறு விதமாக ஆடும் இந்தியத் தோல்பாவை இன்னும் இடம்பெறவில்லை. இத்தனைக்கும் 2014இல் பஞ்சாபின் ஜண்டியாலா குரு தட்டேராக்களின் பித்தளைப் பாத்திர வேலையை இதே பட்டியலுக்கு அனுப்பி ஏற்க வைத்தது இந்தியாதான்.

பட்டியல் வரும்போது வரட்டும். அதற்குமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பத்து இரவுக் கதை முழுவதையும் அறிந்த மூத்த ஆட்டக்காரர்கள் இருக்கும்போதே, ஓர் இரவையும் சுருக்காமல், திரைக்கு முன்னால் ஒரு கேமராவும் பின்னால் ஒன்றுமாக வைத்துப் பதிவு செய்துவிட வேண்டும். பின்னால் வைப்பது முக்கியம். கை எப்படி மாறுகிறது, கால் எப்போது பலகையில் விழுகிறது, மராத்தியில் என்ன ஏவுகிறார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் இதற்கு ஏற்ற இடங்கள். பதிவின் உரிமையும் அதில் வரும் வருமானமும் ஆடிய குடும்பத்துக்கே போக வேண்டும்.

நாவலூர், சிறுசேரி, படூர்ப் பக்கத்துக் குடியிருப்பு நலச்சங்கத்தார் இந்தப் பொங்கலுக்கோ ஆண்டு விழாவுக்கோ ஒரு தோல்பாவைக் குழுவை அழைப்பதாக இருந்தால் சில வேண்டுகோள்கள். ஓர் இரவு போதாது, மூன்று இரவாவது கொடுங்கள். வளாகத்துப் பெருவிளக்குகளை அணைத்துவிடுங்கள். ஒரு பல்பு போதும், எந்தப் பல்பு என்று கூத்துக்காரரையே கேளுங்கள். கதையை அவரே தேர்ந்தெடுக்கட்டும், உச்சிக்குடும்பன் செயலாளரைக் கிண்டல் செய்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் அனுப்பிப் பாவையை ஒருமுறை கையில் பிடித்துப் பார்க்க விடுங்கள். போக்குவரத்துச் செலவையும் முன்பணத்தையும் குழு புறப்படும் முன்பே அனுப்பிவிடுங்கள், நாகர்கோவிலிலிருந்து இங்கே வருவதற்கு ஓர் இரவு முழுக்க ரயிலில் உட்கார வேண்டும்.